ஒரே உறையில் நாலு விரல்

“நாலு விரலும் ஒண்ணா ஒடுங்குற இந்தக் கையுறைதான் கதகதப்பு. மறுபேச்சு பேசாம வாங்கு, வெர்ன்!”

“இதுல விரல் அசையாதே, ஆர்லீன். பஸ் வர்ற வரைக்கும் மரமாட்டம் நிக்கச் சொல்றியா?”

“போன ஜனவரிக் குளிர்ல விரலெல்லாம் நீலமாப் போச்சே, மறந்துட்டியா?”

“அதுக்காக—”

“என்னைப் பேச விடு!”

“நீ என்னை எப்ப விட்டே?”

அமெரிக்காவின் குளிர்நகரமான டுலூத்தில் அந்தக் கடையின் விற்பனைப்பெண் வாய்பிளந்து பார்ப்பதை ஆர்லீன் கவனித்தாள். பாவம், இத்தனை சண்டையிலும் அவளுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. கணவன் மனைவி இருவருக்குமே பிறவியிலிருந்து காது கேட்காது. பேச்சு, ஏச்சு எல்லாம் கைகளால்தான்.

“விரலே போச்சுன்னா அப்புறம் ஆயுசுக்கும் எதை வச்சுப் பேசுவே?”

பதில் சொல்ல வெர்ன் கைகளைத் தூக்கினான். ஆர்லீன் அவற்றைப் பிடித்து, தடித்த உறைகளை மாட்டி, நாடாவை இறுக்கினாள்.

“இப்பச் சொல்லு, யாரு சொன்னது சரி?”