வேனின் இரைச்சல்

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் மெனக்கெட்டு, தரையிலும் கதவுகளிலும் சத்தத்தை அடக்கும் தார் ஷீட் ஒட்டி, மேலே கம்பளம் விரித்து, ஷாக் அப்சர்பரையும் மாற்றிய தன் சின்ன வேனை டிரைவர் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிப் பார்க்கிறார். பக்கத்தில் மனைவி, முக்கால் டம்ளர் தண்ணீரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "ஒரு சொட்டு சிந்தலைங்க! சத்தமும் இல்ல. ஊசி விழுந்தாக்கூடக் கேக்கும்." அவர் புருவம் நெரிகிறது. பதினாறு வருடமாகத் திட்டித் தீர்த்த அந்த 'ஹோ'வென்ற இரைச்சல் இம்மிகூடக் குறையவில்லையே! டயரா, பேரிங்கா? வேகத்தைக் குறைக்கிறார், கேட்கிறது. கண்ணாடியை ஏற்றுகிறார், கேட்கிறது. வீட்டு வாசலில் நிறுத்துகிறார். வெயில் முன்கண்ணாடியில் தகதகக்கிறது. டம்ளர் தண்ணீர் அசையாமல் நிற்கிறது. இரைச்சல் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. அவர் மனைவி பக்கம் திரும்புகிறார். "ஏம்மா, இன்ஜினை அணைச்சேனா இல்லையா?" மனைவி சிரிக்கிறாள். "என்ன விளையாட்டு இது? சாவி உங்க கையிலதானே இருக்கு!" அவர் குனிந்து பார்க்கிறார். உள்ளங்கையில் சாவி பதிந்து கிடக்கிறது. அதைக் கீழே நழுவவிட்டு, இரண்டு காதுகளையும் இறுகப் பொத்துகிறார். இரைச்சல் இன்னும் பலமாகக் கேட்கிறது.