திரும்பிப் பார்க்காதவர்

“உன் வீட்டுக்காரருக்கு அவ்வளவு தலைக்கனமா?” தங்கையின் வீட்டுக்குள் நுழைந்ததுமே தையல்காரர் கத்தினார். “தெருவுல தொண்டை கிழிய ‘மாப்பிள்ளை’ன்னு கூப்பிடறேன். நெஞ்சுல கையை வெச்சுக்கிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காம போறாரு!”

தங்கையால் நம்ப முடியவில்லை. அவள் கணவர் முடிதிருத்துபவர். கத்தரி ஓய்ந்தாலும் அவர் வாய் ஓயாது.

“சட்டைக் கையைக் குட்டையாத் தெச்சுட்டேன்னு போன வாரம் சண்டை போட்டோம்ல, அதை மனசுல வெச்சிருக்காரு. இனி இந்த வாசப்படியை மிதிக்க மாட்டேன்!”

தையல்காரர் கிளம்பத் திரும்பியபோது மாப்பிள்ளையே உள்ளே வந்தார்.

“கோவிச்சுக்காதீங்க மச்சான். மாதா கோயில் சாமியாருக்குக் காய்ச்சல். நோயாளிக்கு நற்கருணை அப்பம் கொண்டுபோற பொறுப்பை இன்னைக்கு எங்கிட்ட கொடுத்தாரு. நீங்க தெச்ச இந்தச் சட்டைப் பையிலதான் அப்பத்தோட உருவுல ஆண்டவர் இருந்தாரு. அவரைச் சுமந்துக்கிட்டு நடுத்தெருவுல நின்னு ஊர்க்கதை பேச முடியுமா?”

தையல்காரரின் குரல் இறங்கியது. “யார் வீட்டுக்குப் போனீங்க?”

“உங்க வீட்டுக்குத்தான். கால் ஒடிஞ்சு படுத்திருக்கிற உங்க வீட்டுக்காரம்மா, ‘கோயிலுக்குப் போக முடியலையேன்னு அழுதேன், அவரே வந்துட்டாரே’ன்னு பூரிச்சுப் போயிட்டாங்க.”

தையல்காரர் பொத்தென்று உட்கார்ந்தார். “ஐயையோ! அப்போ நான் கத்தினதெல்லாம் ஆண்டவர் காதுலயும் விழுந்திருக்குமே!”

“விழாம இருக்குமா? ஆனா அவர் கோவிச்சுக்கிட்டுத் திரும்பிப் போயிடலையே மச்சான். நேரா உங்க வீட்டுக்குத்தானே வந்தாரு!”