உள்ளே வராத அறை

மூன்றாவது நாள் விடியலிலும் அறை உள்ளே வர மறுத்தது. சச்சிதானந்தன் பொத்தானை அழுத்திப் பிடித்தார். மோட்டார் உறுமியது, அறை ஒரு சாண் நகர்ந்தது, டக்கென்று நின்றுவிட்டது.

"அப்ப இண்டைக்கும் பயணம் இல்லையே?" என்று கேட்டாள் மனைவி சிவகௌரி. பதிலுக்குக்கூட நிற்காமல், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு விறுவிறென்று வீட்டுக்குள் போய்விட்டாள்.

சிரிப்பை மறைக்கிறாளாக்கும் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பென்டில் ஹில் வீட்டு வாசலில் நிற்கும் அந்த மோட்டார்ஹோமை அவர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. பொத்தானை அமுக்கினால் அதன் பக்கச் சுவர் இழுத்துத் திறக்கும் மேசை லாச்சி போல வெளியே வரும். உள்ளே ஒரு படுக்கையறை கிடைக்கும். திரும்ப உள்ளே இழுபடாவிட்டால் வண்டியை ஓர் அடிகூட ஓட்ட முடியாது.

மனைவியிடம் அவர் சொல்லியிருந்தது கோல்ட் கோஸ்ட் கடற்கரை. மனதில் வைத்திருந்தது அதைத் தாண்டியுள்ள பிரிஸ்பேன். அங்கேதான் மகள் ப்ரீத்தி இருக்கிறாள்.

இரண்டு வருடங்களுக்கு முன் ப்ரீத்தி தனக்குப் பிடித்தவனைச் சொல்லாமல் கொள்ளாமல் கலியாணம் செய்துகொண்டாள். "இனி அவளின்ரை வாசல் படலை மிதிக்கமாட்டன்" என்றாள் சிவகௌரி. அன்றிலிருந்து அந்த வீட்டில் மகளின் பேச்சே எழுந்ததில்லை.

இப்போது ப்ரீத்தி நிறைமாதப் பிள்ளைத்தாய்ச்சி. "அப்பா, எப்படியாவது அம்மாவைக் கூட்டிக்கொண்டு வாங்கோ" என்று போனில் அழுதாள். பிளேன் டிக்கெட் எடுத்தால் அதில் பிரிஸ்பேன் என்று அச்சடித்திருக்கும். மோட்டார்ஹோமுக்கு அந்தத் தொல்லை இல்லை. ஊர் சுற்றுவதுபோல் ஓட்டிப் போய் மகளின் வாசலில் நிறுத்திவிட்டால் தாய் மனம் இளகாமலா போகும்?

திட்டத்தை மோப்பம் பிடித்துவிட்டாளோ என்ற சந்தேகம் வந்ததும் அவருக்குக் கண்டதெல்லாம் குற்றமாகத் தெரிந்தது. அவர் பக்கத்தில் போனால் சிவகௌரி போனைக் கவிழ்த்து வைக்கிறாள். பொழுதுபடும் நேரத்தில் தனியே வண்டிப் பக்கம் போய் வருகிறாள். போன கிழமை வாங்கிய தேங்காய் எண்ணெய்கூடப் பாதியாகிவிட்டது. மிச்சம் இந்த நாட்டு ஜூலைக் குளிரில் இறுகிப்போய், தலையில் வைக்க ஒரு சொட்டு வரவில்லை. கோபத்தில் இருக்கும் மனிதருக்கு அதிலும் எரிச்சல்தான்.

வண்டி திருத்துகிற துஷாந்த் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டான். இரண்டு தடவையும் பின்னேரம், நல்ல வெயில். அறை ஒரு முக்கல் முனகல் இல்லாமல் உள்ளே போய் வெளியே வந்தது.

"பிழை ஒண்டும் இல்லை அங்கிள்" என்றான். "வேணுமெண்டா இப்பவே உள்ளுக்கு இழுத்துவிட்டுட்டு வெளிக்கிடுங்கோ."

"வழியில காட்டுக்குள்ள மாட்டுப்பட்டா? ஒரு விடியலாவது ஒழுங்கா வரட்டும் தம்பி."

அன்று கெஞ்சிக் கூப்பிட்டதால் துஷாந்த் காலையிலேயே வந்தான். தடிமனில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு வண்டிக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தான்.

"அங்கிள், அறை ஓடுற தண்டவாளம் முழுக்க ஏதோ மெழுகு மாதிரி அப்பிக் கிடக்கு. இதுக்கு எண்ணெய், கிரீஸ் ஒண்டும் ஆகாது, காயுற ஸ்பிரே மட்டும்தான் அடிக்கவேணும். இது தானா வராது. ஆரோ பூசியிருக்கினம்."

ஆரோ என்ன ஆரோ! சச்சிதானந்தனின் நெஞ்சு கொதித்தது. பெற்ற மகளின் மேல் இவ்வளவு வன்மமா?

துஷாந்த் எல்லாவற்றையும் சுரண்டித் துடைத்துவிட்டுப் போனான். பின்னேரம் ஐந்து மணிக்கு, "கடைக்குப் போட்டு வாறன்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கிய சச்சிதானந்தன், தெருமுனை வரை நடந்து திரும்பி, பூனைபோல வீட்டின் பக்கவாட்டுப் படலையால் உள்ளே வந்தார்.

நினைத்தது சரிதான். சிவகௌரி வண்டிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து, ஒரு கிண்ணத்திலிருந்து எதையோ தண்டவாளத்தில் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆவி பறந்தது. தேங்காய் எண்ணெய் மணந்தது.

"பிடிபட்டீர்!" என்று கத்தினார். "நல்ல வண்டியை ஏனப்பா கெடுக்கிறீர்?"

அவள் திடுக்கிட்டு எழுந்தாள். "நானோ கெடுக்கிறன்? முதல்நாள் கிறீச்சிட்டதைக் கேட்டனீங்கள்தானே? தையல் மெசினுக்கு எண்ணெய் விட்டா ஓடுறேல்லையே? ஒவ்வொரு நாளும் உருக்கிச் சுடச்சுட விடுறன், விடியவாவது இழுபடட்டுமெண்டு."

விடியற்குளிரில் அந்த எண்ணெய் என்ன ஆகும் என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. சிரிப்பதா தலையில் அடித்துக்கொள்வதா என்று தெரியவில்லை. இருந்தாலும் வேறு ஒன்று இடித்தது.

"அதுக்கு ஏன் இவ்வளவு அவதிப்படுறீர்? கோல்ட் கோஸ்ட் எங்கையும் ஓடிப்போகாது."

சிவகௌரி எண்ணெய்க் கையோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது.

"ஆரப்பா கோல்ட் கோஸ்ட்டைக் கேட்டது? ப்ரீத்திக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கு!"