குரல் போகிற பெட்டி

பிக்கப்பை ஓட்டி வந்தது ஒரு பெண்.

மருதனார்மடத்தில் வாகனங்களுக்கு ஒலிப்பெட்டி பூட்டுகிற கடை வைத்திருந்த கஜீவன், கையில் இருந்த வேலையை விட்டுவிட்டுப் பார்த்தான். பின்தட்டு நிறைய, ஐஸ் போட்டு மீன் அடுக்குகிற வெள்ளை றெஜிபோம் பெட்டிகள். அவள் இறங்கி வர, மற்றப் பக்கத்தால் ஒரு மனிதர் இறங்கிக் கதவை மெல்லச் சாத்தினார்.

"குருநகரிலையிருந்து வாறம் தம்பி. நல்லா அதிருற பேஸ் பெட்டியும் அதுக்கு ஏத்த அம்ப்ளிபயரும் வேணும்."

அவள் பெயர் லவீனா. வந்தவர் அவளுடைய கணவர், கனிசியஸ்.

கஜீவன் வழக்கம்போல ஆம்பிளையிடம்தான் கேட்டான். என்ன மாதிரிப் பாட்டுக் கேட்பீர்கள் அண்ணை, முன்னுக்குப் பூட்டுவதோ பின்னுக்கோ என்று. கனிசியஸ் சிரித்தார். பதில் லவீனாவிடமிருந்து வந்தது. அடுத்த கேள்விக்கும் அவள்தான். அதற்கடுத்ததற்கும் அவள்தான்.

மனிசனை வாய் திறக்க விடமாட்டாள் போல என்று கஜீவன் நினைத்துக்கொண்டான்.

கடையில் இருந்ததிலேயே பெரிய பெட்டியை அவள் காட்டினாள். மீன் வண்டிக்கு உவ்வளவு தேவையில்லை என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. போட்டுக் காட்டினான். அலுமாரிக் கண்ணாடி கடகடவென்று ஆடியது. பக்கத்துக் கடைக்காரர் வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தார்.

லவீனா கணவரின் கையைப் பிடித்துப் பெட்டியின் மேல் வைத்தாள். அவருடைய முகம் மலர்ந்தது.

அவள் கஜீவனிடம் திரும்பினாள். "இதுக்குள்ளாலை என்ரை குரல் போகுமோ தம்பி?"

அவனுக்கு விளங்கவில்லை. பிறகு அவளே சொன்னாள்.

கனிசியஸ் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடினவர். ஒருநாள் ஆழத்திலிருந்து மேலே வரும்போது இரண்டு காதாலும் ரத்தம். அதோடு கடலும் போனது, காதும் போனது. அவள் வாகனம் ஓட்டப் பழகினாள். இப்போது இருவருமாக மீன் ஏற்றிக்கொண்டு சந்தை சந்தையாகப் போகிறார்கள்.

"வீட்டிலையெண்டா என்ரை வாயைப் பாத்து விளங்கிக்கொள்ளுவார். வாகனம் ஓடேக்கை நான் றோட்டையெல்லோ பாக்கவேணும். பக்கத்திலை இருந்து என்ரை கன்னத்தையே பாத்துக்கொண்டு வருவார், பாவம்."

கஜீவன் அவர் முகத்தை இன்னொரு தடவை பார்த்தான். தான் நினைத்ததை எண்ண அவனுக்கு ஒரு மாதிரி இருந்தது.

மைக் ஒன்றைத் தேடியெடுத்துப் பெரிய பெட்டியோடு தொடுத்தான். லவீனா பேசினாள். கனிசியஸ் பெட்டியில் கை வைத்தபடி இல்லையென்று தலையாட்டினார். அவள் ஆம்பிளைக் குரலில் பேசிப் பார்த்தாள். அதைப் பார்த்து அவர் சிரித்தாரே தவிர, கைக்கு ஒன்றும் தெரியவில்லை. அவளுடைய குரல் மெல்லியது. அந்தப் பெட்டிக்கு இடிச்சத்தந்தான் பிடித்தது.

கஜீவன் அம்ப்ளிபயரை மாற்றினான். பெட்டியை மாற்றினான். அதையும் மாற்றினான். வந்த ஆட்களைப் பின்னேரம் வரச் சொல்லி அனுப்பினான்.

கடைசியில், யாரும் விரும்பி வாங்காத ஒரு தட்டைப் பெட்டியை இறக்கினான். சத்தம் காணாது என்று எல்லோரும் ஒதுக்குகிற பெட்டி. அதைக் கனிசியஸின் ஆசனத்துக்குக் கீழே தள்ளி, அம்ப்ளிபயரின் திருகுகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்தான். கனிசியஸை அந்த ஆசனத்தில் இருத்திவிட்டு, லவீனாவைச் சாரதி ஆசனத்தில் ஏறி, மைக்கை வாயருகே பிடித்துக்கொண்டு, றோட்டில் ஓடுகிற மாதிரி நேரே பார்க்கச் சொன்னான்.

அவள் நேரே பார்த்தாள்.

"இஞ்சாரப்பா."

கனிசியஸ் சட்டென்று நிமிர்ந்து அவள் பக்கம் திரும்பினார். கை ஆசனத்தின் விளிம்பைத் தடவியது.

"என்ன சொல்லுறியள் எண்டு விளங்காது அக்கா," என்றான் கஜீவன் தயங்கித் தயங்கி. "கூப்பிடுறது மட்டுந்தான் தெரியும்."

"கூப்பிட்டாக் காணும் தம்பி. அதுவே போதும்."

அவள் திரும்பவும் கூப்பிட்டாள். அவர் ஓமென்று தலையாட்டினார். சின்னப்பிள்ளை விளையாட்டு மாதிரி நாலைந்து முறை நடந்தது.

பிறகு கனிசியஸ் கையை நீட்டி மைக்கை வாங்கினார்.

முதலில் வந்தது ஒரு கரகரப்புத்தான். பிறகு வந்தது பெரிய சத்தம், கடைக்கு வெளியிலும் கேட்டிருக்கும்.

"லவீனா."

அவர் அசையாமல் இருந்தார். ஆசனத்தின் அதிர்வு அடங்கும்வரை பொறுத்திருந்தார்.

கஜீவன் திகைத்துப்போனான். "அண்ணை கதைப்பாரோ?"

"கதைப்பார். போன பெரிய வெள்ளிக்குக் கோயிலிலை சத்தமாச் செபிச்சுப்போட்டார். எல்லாரும் திரும்பிப் பாத்திட்டினம். தான் எவ்வளவு சத்தமாக் கதைக்கிறன் எண்டு தெரியேல்லை எண்டு அண்டையோடை வாயை மூடினவர்." சொல்லும்போதும் அவள் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கன்னம் நனைந்திருந்தது.

கனிசியஸ் இன்னொரு தடவை அவளைக் கூப்பிட்டார். இந்த முறை சற்றுத் தணிவாக. ஆசனத்தில் உள்ளங்கையை வைத்துத் தன் குரலின் அளவைப் பார்த்தார். இன்னும் தணித்தார்.

கஜீவன் வண்டிக் கதவைச் சாத்திவிட்டு விலகி நின்றான்.

உள்ளே அவர் கதைத்துக்கொண்டேயிருந்தார். குரலை வரவர இறக்கிக்கொண்டு போய், கடைசியில் பக்கத்தில் இருந்தவளுக்கு மட்டும் கேட்கிற அளவில் நிறுத்தினார்.