அமாவாசை லீவு

"இந்த மாசமும் இதே கதையா? டேட்டாவ நீயே சமைக்கிறியா?" என்று பேராசிரியர் சிவப்பிரகாசம் செல்களின் படங்களை மேசைமேல் விட்டெறிந்தார்.

சூர்யகலாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னிக்கு அமாவாசைதானே, நீங்களே பாருங்க சார்" என்று நுண்ணோக்கியை அவர் பக்கம் திருப்பினாள்.

ஆரணியில் அந்தக் கல்லூரி ஆய்வகத்தில் அவள் வளர்ப்பவை, நெசவாளியான அவளுடைய அப்பா தனக்கோடி உயிரோடிருந்தபோது ஆய்வுக்கென்று கொடுத்த தோல் செல்கள். அவற்றின் உட்கருக்கள் நாள் தவறாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டிருக்கும். அமாவாசையன்று மட்டும் எல்லாம் பாதியில் நின்றுவிடும். ஊரில் அன்றுதான் யாரும் தறியில் உட்கார மாட்டார்கள்.

நெஞ்சு வலித்தபோதும் அப்பா நெய்துகொண்டுதான் இருந்தார். "நாளான்னிக்கு அமாவாசை லீவுதானேம்மா, அப்ப ஆஸ்பத்திரிக்குப் போவலாம்" என்றார். அதற்கு முந்தின நாளே தறியில் சாய்ந்துவிட்டார்.

சிவப்பிரகாசம் வெகுநேரம் குனிந்து பார்த்தார். நீலச் சாயமேற்றிய உட்கருக்கள் பாதி பிரிந்தபடி அப்படியே நின்றிருந்தன. விட்டெறிந்த படங்களை எடுத்து அடுக்கி வைத்துவிட்டு வெளியே போனார்.

சூர்யகலா கண்ணாடித் தட்டைப் பார்த்துக் கத்தினாள். "இப்ப லீவு போட்டு என்னாத்துக்குப்பா? வலிச்ச அன்னிக்கே தறிய நிறுத்தியிருந்தா செத்தா போயிருப்பே?"

மறுநாள் வேலை நாள்; எந்த மாதமும் அன்று செல்கள் மறுபடி பிரியத் தொடங்கிவிடும். தெருவெல்லாம் தறிச் சத்தம் கேட்டது. அவள் நுண்ணோக்கியில் கண் வைத்தாள். செல்கள் உயிரோடுதான் இருந்தன. ஒரு உட்கருகூடப் பிரியவில்லை.