ஊஞ்சல் படத்தில் அப்பா எங்கே?

"காக்கா இருக்கு, ரெண்டு பூனை இருக்கு, வாட்ச்மேன்கூட இருக்காரு. நான் மட்டும் எங்க மிஸ்?"

சுவர் முழுக்க ஒட்டியிருந்த மகளின் படங்களில் தன்னைத் தேடித் தேடி அலுத்துப்போய்க் கேட்டார், வேலைச் சட்டையோடு வந்திருந்த லிஃப்ட் மெக்கானிக்.

அவரும் மனைவியும் பிரிந்த பிறகு, மகள் மனசில் இருப்பதை வாய்விட்டுச் சொல்வதே இல்லை. அதனால்தான் ஆட்டத்திலும் படத்திலும் குழந்தைகளை மனசு திறக்கவைக்கும் இந்த விளையாட்டுக்கூடத்தில் அம்மா அவளைச் சேர்த்திருந்தாள். சனிக்கிழமை அப்பாவின் முறை. முதலில் வெளியே ஆட்டம், அப்புறம் உள்ளே படம்.

"அவசரப்படாதீங்க சார்," என்றார் ஓவிய மிஸ். "எங்க ரூல் தெரியும்ல? படத்தைப் பத்தி குழந்தைகிட்ட கேள்வியே கேக்கக் கூடாது. அதுவா சொல்லணும்."

"வாரா வாரம் தோள்பட்டை கழண்டுபோற அளவுக்கு ஊஞ்சல் தள்ளுறேன். உள்ள வந்ததும் வாட்ச்மேனை வரையிறா! அவரு அப்படி என்னத்தக் கிழிச்சாரு?"

"எதிர்ல நின்னு விசில் ஊதினாரு. நீங்க அவ்ளோ வேகமாத் தள்ளுனீங்க."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "பிடிக்காத ஆளோட அவளை எதுக்கு இழுத்துட்டு வரணும்? இனிமே நான் வரலைன்னு அவங்க அம்மாகிட்ட சொல்லிடுறேன் மிஸ்."

மேஜைக்கு அடியில் குப்புறப் படுத்து கிரேயானைத் தேய்த்துக்கொண்டிருந்த மகள் 'சுண்டெலி' தவழ்ந்து வெளியே வந்தாள். கெட்டி அட்டையை நீட்டினாள். நீல வானம். ஊஞ்சலில் அவள், கால் இரண்டும் மேகத்தில். எதிரே விசிலோடு வாட்ச்மேன். வேறு யாருமில்லை.

"அட, பிரமாதம்!" மிஸ் வாங்கிய வேகத்திலேயே, சுவரில் தயாராக இருந்த இரட்டைப் பக்க டேப்பில் வைத்து அழுத்தினார்.

ரூலாவது ஒண்ணாவது! மெக்கானிக் மகள் முன் மண்டியிட்டார்.

"ஏண்டா சுண்டெலி, அப்பா மேல கோவமா?"

"இல்லியே."

"அப்புறம் ஏன் என்னை வரையவே மாட்டேங்கிற?"

அவள் அவரை விநோதமாகப் பார்த்தாள். பிறகு மிஸ்ஸை ஒரு முறை முறைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, புதுப்படத்தைச் சுவரிலிருந்து பிய்த்துத் திருப்பிப் பிடித்தாள்.

அட்டையின் பின்பக்கம் முழுக்க ஒரே ஓர் ஆள். வேலைச் சட்டை, பாக்கெட்டில் ஸ்க்ரூடிரைவர், முன்னால் நீட்டிய பெரிய பெரிய கைகள்.

"மிஸ்தான் ஒவ்வொரு வாட்டியும் அப்பாவைச் சுவத்துல வச்சு அமுக்கிடுறாங்க. ஊஞ்சல் தள்ளுறவரை யாராவது முன்னாடி வரைவாங்களா? நீங்களே சொல்லுங்க!"