புள்ளி வெளிச்சம்

மூன்று வருட ரிப்போர்ட்டுகளையும் டாக்டர் மேஜையில் பரப்பினார். பார்வை போன இடம் கறுப்பாக விழும்; மூன்றிலும் ஒரு கறுப்புத் திட்டுகூட இல்லை.

"ரிப்போர்ட் எல்லாம் சுத்தமா இருக்கு. ஆனா கண் நரம்பு பாதிக்கு மேல செத்துப்போச்சு. எப்படிம்மா இது?"

கேள்வி எனக்கு. பார்வைப் பரிசோதனை மெஷினை ஓட்டுபவள் நான். எதிரே உட்கார்ந்திருந்த நோயாளி என் அண்ணன், பஸ் டிரைவர்.

பழியை மெஷின் மேல் போட்டேன். வாய் கூசவில்லை.

கண் அழுத்த நோய் வலிக்காமல் ஓரத்திலிருந்து தின்னும். முதல் வருடமே தெரிந்திருந்தால், கண்ணுக்குள் அடைத்திருந்த வடிகாலை லேசரால் திறந்து அழுத்தத்தைக் குறைத்திருக்கலாம், பத்து நிமிட வேலை என்றார் டாக்டர். இப்போதும் லேசர் உண்டு, ஆபரேஷனும் உண்டு. எதைச் செய்தாலும் மிச்சத்தைக் காப்பாற்றத்தான். போனது போனதுதான். எது சரிப்படும் என்று முடிவு செய்ய இன்றே புது ரிப்போர்ட் வேண்டுமாம்.

கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். இனி எங்கள் வீட்டில் அதைப் பழமொழியாகச் சொல்ல முடியாது.

அண்ணன் காதில் விழுந்தது லேசர் என்ற ஒரு சொல்தான். அடுத்த வாரமே வண்டி எடுத்துவிடலாம் என்று அண்ணியிடம் போனில் சொல்லியபடியே இருட்டறைக்கு வந்தான். வரும்போது நிலைக்கதவில் இடித்துக்கொண்டு, கதவைத் திட்டினான்.

தாடையைத் தாங்கியில் வைத்தான். ஒரு கண்ணைக் கட்டி, பொத்தானைக் கையில் கொடுத்தேன். வெள்ளைக் கிண்ணத்துக்குள் எங்காவது ஒரு புள்ளி வெளிச்சம் மின்னும். தெரிந்தால் அமுக்க வேண்டும். அவ்வளவுதான் பரிசோதனை.

நடுவில் வந்த நாலைந்து புள்ளிகளுக்கு அமுக்கினான். அப்புறம் கை சும்மா இருந்தது.

"மெஷின் நின்னுபோச்சா பாப்பா?"

ஓடிக்கொண்டிருந்தது. என் திரையில் ஓரமெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது.

அவன் இடது தோளை லேசாக என் பக்கம் நகர்த்தினான்.

லைசென்ஸ் போய்விடக் கூடாதென்று, மூன்று வருடமும் ஒவ்வொரு புள்ளிக்கும் 'அமுக்கு' என்று நான் விரலால் தட்டிய தோள். முதல் வருடம் அவன் கெஞ்சினான். அடுத்த இரண்டு வருடமும் அவன் கேட்கவே இல்லை, நானாகத்தான் தட்டினேன்.

கைகளைக் கட்டிக்கொண்டேன்.

தோளைக் காட்டியபடி அவன் காத்திருந்தான்.